நசுங்காத எலுமிச்சம்பழம்

ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருப்புக் காலால் மிதித்து நசுக்கினேன். மறுநாள் ஒரு பெண் வண்டியோடு உருண்டு விழுந்தாள். விழுந்ததற்குக் காரணம் அவள் கைதான் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். பழத்தை மிதித்தது அவசரத்தில் செய்தது. பழி சொன்னது நன்றாகத் தெரிந்தே செய்தது.

நம் வண்டிப் பட்டறையை இளையவர்களான உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் யாருக்கும் இது முழுதாகத் தெரியாது. தாஸுக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார். அதனால் நானே எழுதுகிறேன்.

மேகலா அடையாற்றில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து, குடும்பம் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட பிறகு அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கை விடுதி, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தேய்ந்துபோன குவாட் பைக் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட இருந்தது. கையில் இருந்ததைக் கொடுத்து அதை வாங்கி, நம் மந்தைவெளிப் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினாள். நாலு சக்கரத்தில் இரண்டு சுற்றவில்லை. மணல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னாம்மா, கடல்ல தூண்டி போட்டு புட்ச்சியா?" என்றார் தாஸ். நம் பட்டறையின் பிட்டர், வெல்டர் எல்லாம் அவர்தான்.

"கிண்டல் பண்ணாதண்ணா. இன்ஜின் சுத்துது. மிச்சத்த எழுப்பிக் குடு."

"எழுப்பறதுக்கு இது இன்னா தூங்கிக்கினா கீது? செத்துப் பூட்ச்சி."

"அப்ப உயிர் குடு. அதுக்குத்தான வந்தேன்."

ஊருக்கு வெளியே மண் தடத்தில் நடக்கும் பந்தயத்தில் அந்த வருடம் முதல் தடவையாகப் பெண்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அதில் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசையைவிடப் பெரிய காரணம் ஒன்றையும் சொன்னாள். அவளிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களின் கணவன்மார்கள், "லேடி டீச்சரா? கத்துக்குடுக்கற அளவுக்கு ஓட்டுவாங்களா?" என்று அவள் காதுபடவே கேட்பார்களாம். "ஒரு தடவ பந்தயத்துல ஓட்டிட்டா அந்தப் பேச்சு இருக்காது சார்" என்றாள்.

குறைந்த செலவில் ஒரு வண்டியைத் திரும்ப எழுப்பும்போது, எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் ஒரே கேள்வி. மற்றதெல்லாம் கைவேலை. பின்பக்க ஷாக் அப்சார்பர் புதுப்பேட்டையில் உடைத்த பைக்கிலிருந்து வந்தது. சீட்டுக்கு ஒரு வேன் கடையில் மிஞ்சிய ரெக்ஸின். மேல் மூடியைத் தகரத்தில் தட்டி, மேகலா கேட்ட மஞ்சளைப் பூசினோம். இதிலெல்லாம் மிச்சம் பிடித்தது சரிதான்.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரு இடம் இருந்தது. முன்பக்கம் இடது சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் மேலே போய்ச் சேரும் சட்டக் குழாய். தாஸ் சுத்தியலால் தட்டினார். வலது பக்கம் கணீரென்றது. இடது பக்கம் மரத்தில் தட்டியது போல மந்தமாகக் கேட்டது. எனக்கும் கேட்டது.

"உப்பு உள்ள பூந்துகீது சார். அறுத்துப் பாக்கலாமா?"

அறுத்தால் முன்பக்கம் முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டும். பந்தயத்துக்குப் போய்ச் சேராது. "மேல ஒரு பிளேட் வச்சு மூடிடலாம் தாஸ். பந்தயம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றேன்.

தாஸ் மறுக்கவில்லை. பிளேட் போதும் என்று அவரும் நம்பினார். அழகாக வெல்டிங் வைத்துவிட்டு, "மோதிரம் மாதிரி வந்துச்சி சார்" என்று சந்தோஷப்பட்டார். அதன் மேல் பட்டி வைத்துத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தோம். பெயின்ட் காய்ந்ததும் அந்த இடம் எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. மேகலா ஒரு காலி மைதானத்தில் மேடுகளில் ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தாள். வண்டி தாங்கியது.

நான் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்தவன். ஓய்வு பெறும்வரை ஒரு வண்டிக் கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். எது எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வண்டி கிளம்பும் நாள் காலையில் பட்டறை வாசலில் பூசை. மேகலாவின் அம்மா பூசணிக்காயும் கற்பூரமும் எலுமிச்சம்பழங்களும் கொண்டுவந்தார். சந்து முனையில் அதை ஏற்றிப் போக வந்த குட்டி யானை மினி லாரி நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. பந்தயம் நடத்துபவர்கள் வண்டிகளைச் சோதித்துச் சீட்டு ஒட்டுவது அன்று மதியத்தோடு முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் அவளுக்கு அந்த வருடம் பந்தயம் இல்லை.

சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தார் அம்மா. மேகலா வண்டி மேல் உட்கார்ந்திருந்தாள். சிமென்ட் தரையில் தள்ளுவதற்காக டயர்களில் காற்றைக் கெட்டியாக அடித்திருந்தோம். மெல்ல முன்னால் உருட்டினாள். மூன்று பழங்கள் சாறு தெறிக்க நசுங்கின. முன் இடது சக்கரம் ஏறி இறங்கிய பழம் மட்டும் லேசாக அமுங்கி, தோல்கூடக் கிழியாமல் கிடந்தது.

"இன்னாம்மே இது?" என்றார் அம்மா. "வண்டி ஏறிக்கினு போச்சி, பழம் அப்டியே கீது?"

"காத்து கம்மியா இருக்கும்மா" என்றார் தாஸ். "கேஜ் எட்த்தாறேன் இரு."

"காத்துல இன்னா கீது? எனக்கு மனசு சரியில்ல. வேணாம் மேகலா, இந்த வாட்டி உடு."

"நீ சும்மா இரும்மா. பழத்துக்குப் பயந்து நான் வூட்ல குந்திக்கவா?"

குட்டி யானைக்காரர் சந்து முனையிலிருந்து கத்தினார்: "சார், வர்றீங்களா, நான் போவட்டுமா? டிராபிக் போலீஸ் வந்துட்டாரு!"

அந்த நிமிடம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன், வயதானவன், பட்டறைக்காரன். அம்மாவின் பயத்தை மூட நம்பிக்கை என்று நினைத்தேன். தாஸ் கேஜைத் தேடி உள்ளே போனார். அம்மா கற்பூரத்தை எடுக்கத் திரும்பினார். நான் ஒரு அடி முன்னால் வந்து, அந்தப் பழத்தின் மேல் செருப்புக் காலை வைத்து அழுத்தினேன். "இதோ, நசுங்கிடுச்சே" என்றேன். திரும்பிப் பார்த்த அம்மா தரையில் சாற்றைப் பார்த்தார். முகம் தெளியவில்லை, ஆனாலும் பூசணிக்காயை உடைத்தார். தாஸ் கேஜோடு வந்தபோது, "நேரமில்லை, அங்கே போய்ப் பாத்துக்கலாம்" என்றேன்.

அந்தப் பழம் என்ன சொன்னது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு சக்கரத்தில் பாரம் இறங்கவில்லை. மைதானத்து மேடுகளில் ஏற்றி இறக்கியபோதே பிளேட்டுக்குள் குழாய் விட்டுக்கொடுத்து, இடது முன்சக்கரம் எடையைத் தாங்காமல் நின்றிருக்கிறது. இந்தச் சோதனையைக் கம்பெனியில் நான் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியில் செய்திருக்கிறேன். அன்று அதே சோதனையை ஒரு தாயார் எலுமிச்சம்பழத்தை வைத்து என் கண்முன்னே செய்தார். சகுனம் என்று அவர் பயந்தார். சகுனம் என்பதாலேயே நான் அதைப் பார்க்க மறுத்தேன். காற்றுத்தான் குறை என்றால் கேஜ் வைத்துப் பார்த்திருக்கலாம். காற்று சரி என்றால் அடுத்த கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்தது என்றே இப்போது நம்புகிறேன். மந்தமாகக் கேட்ட அந்தச் சத்தம் என் காதில் இருந்தது.

மறுநாள் பயிற்சி ஓட்டத்தில் ஒரு மண் மேட்டிலிருந்து பறந்து இறங்கினாள். நேராகத்தான் இறங்கினாள். இடது சக்கரம் தரையைத் தொட்டதும் உள்ளே மடங்கியது. வண்டி மூக்கைக் குத்தி, பக்கவாட்டில் உருண்டது. மஞ்சளும் கறுப்பும் மஞ்சளும் கறுப்புமாகச் சுற்றியதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆம்புலன்சில் ஏற்றும்போது அவளுக்கு நினைவு இருந்தது. இடது மணிக்கட்டும் காறை எலும்பும் முறிந்திருந்தன. "சார், நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். வண்டி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

நான் வண்டியிடம் போனேன். பிளேட் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அதன் பின்னால் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் சிவந்த துரு. தாஸ் பக்கத்தில் நின்றார். பந்தயம் நடத்துபவர் வந்தார். கூட நாலைந்து ஓட்டுநர்கள். நம்மிடம் வண்டி கொடுத்திருந்தவர்கள், கொடுக்க இருந்தவர்கள்.

"என்ன சார் ஆச்சு?"

"இறங்கும்போது ஹேண்டிலைத் திருப்பிட்டாங்க" என்றேன். சொல்லும்போது கையிலிருந்த துணியை எடுத்து அந்தக் குழாயின் மேல் போட்டேன், எண்ணெய் ஒழுகுவதைத் துடைக்கிறவன் போல.

திரும்பும் வழியில் தாஸ், "நானுந்தான் சார் வெல்டிங் வெச்சேன். அதான் வாயத் தொறக்கல" என்றார். அவர் பயத்தை நான் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன். "இனிமே இதைப் பத்திப் பேச்சு வேண்டாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் குழாயடியில் செருப்பைத் தேய்த்துக் கழுவினேன். மனைவி வந்து நின்றாள்.

"செருப்பை எதுக்கு இப்படித் தேச்சுண்டு இருக்கேள்?"

"சேறு."

"சேறா? எலுமிச்சம்பழ வாசனைன்னா வர்றது."

நான் குழாயை மூடினேன்.

நான் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு முன்னால் அடையாறு போய்ச் சேர்ந்தது. அவள் உருண்டதை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். 'ஹேண்டிலைத் திருப்பிட்டாங்க' என்ற என் வார்த்தை அந்தப் படத்தோடு சுற்றியது. எலும்பு கூடி அவள் வேலைக்குத் திரும்பியபோது ஸ்கூல் முதலாளி அவளைக் காரில் ஏற்றவில்லை. ஆபீசில் போன் எடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார். இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஆரஞ்சுப்பழம்.

ஒரு மழைக்காலம் போன பிறகு பட்டறைக்கு வந்தாள். தார்ப்பாய் மூடிய வண்டியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. "வித்துடுங்க சார்" என்றாள். பிறகு தயங்கி, "ஒரு உதவி. நான் கார் ஓட்டறத ஒருதரம் பக்கத்துல குந்திப் பாருங்க. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன்" என்றாள்.

முதலாளியிடம் கேட்டு அவள் எடுத்துவந்த டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கோட்டூர்புரம் பாலம் தாண்டும்போதே அவள் தோள்கள் இறுகியிருந்தன. முன்னால் போகும் வண்டி வெகுதூரத்தில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்தாள். நந்தனம் சிக்னலில் பச்சை விழுந்தும் கிளம்பாமல் இருபுறமும் பார்த்தாள். வெங்கடநாராயணா சாலையில் ஒவ்வொரு சந்துக்கும் நின்றாள். பனகல் பூங்கா அருகில், துணிக்கடைக் கூட்டம் சாலையில் வழிந்துகொண்டிருந்த இடத்தில், கார் குலுங்கி நடுத்தெருவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

ஒரு ஆட்டோக்காரர் ஒதுங்கிப் போகும்போது தலையை நீட்டினார். "இன்னாம்மா, வூட்ல சொல்ட்டு வந்தியா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். "சார், நீங்க பிரேக் மிதிச்சீங்களா?"

"இல்லையே."

"அப்ப நான்தான் மிதிச்சிருக்கேன்." ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்துப் பார்த்தாள். "எனக்குத் தெரியாமயே மிதிக்கறேன். அன்னிக்கும் அப்டித்தான் தெரியாம திருப்பிருக்கேன், இல்ல? கை நம்ம சொல்றத கேக்காட்டி எப்டி சார் இன்னொருத்தருக்குக் கத்துக்குடுக்கறது? நாளைக்கு வேலைய உட்டுடலாம்னு கீறேன்."

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. இன்னும் ஒரு தெரு தாண்டிச் சொல்லலாம், ஒரு காபி வாங்கிக் கொடுத்துச் சொல்லலாம் என்று மனம் இடம் தேடியது. அதே மனம்தான் அன்று 'அங்கே போய்ப் பாத்துக்கலாம்' என்றது.

"மேகலா, உன் கையில தப்பே இல்ல. வண்டிதான் உடைஞ்சுது. உள்ளே துருப்பிடிச்ச குழாயை நான் மூடச் சொன்னேன். நீ நேராத்தான் இறங்கினே."

அவள் காரை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினாள்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"அன்னைக்கே. அங்கேயே பார்த்தேன். அதுக்கு முன்னாடி பூசையிலயே அடையாளம் இருந்தது. அந்தப் பழம்."

"நீங்க மிதிச்சீங்களே, அதுவா?"

யாரும் பார்க்கவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"வண்டி மேல குந்திக்கினு இருந்தேன், கீழ பாக்க மாட்டனா?" அவள் குரல் உயரவில்லை. "எங்கம்மா தடுக்கக் கூடாதுன்னு எனக்காக மிதிச்சீங்கன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில வலிக்கும்போது அத்த நெனச்சி சிரிச்சிருக்கேன் சார். நம்ம மேல ஒருத்தருக்கு இவ்ளோ நம்பிக்கை கீதேன்னு."

என் பக்கக் கதவைக் காட்டி, "எறங்குங்க" என்றாள்.

இறங்கினேன். அவள் இண்டிகேட்டர் போட்டு, கூட்டத்தில் ஒரு இடைவெளி பார்த்து, நிற்காமல் நுழைந்து போனாள்.

அதன் பிறகு நான் செய்தவற்றைப் பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "இத்தன மாசம் கழிச்சு வந்து சொல்றீங்க. உங்களுக்கு மனசு லேசாயிடும். அந்தப் பொண்ணு போன் எடுத்த நாளெல்லாம்?" என்றார். ஆனால் அந்த வாரமே அவளைத் திரும்பக் காரில் ஏற்றினார். பந்தயத் தடத்துக்குப் போய், பொய் சொன்ன அதே இடத்தில், பிய்ந்த பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர்களிடம் சொன்னேன். சிலர் அன்றோடு நம் பட்டறைக்கு வருவதை நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது நியாயம். முதலில் பேசியதற்குக் கிடைத்த அளவு காது இதற்குக் கிடைக்கவில்லை. இந்தப் பேச்சை யாரும் செல்போனில் எடுக்கவில்லை.

தாஸும் நானும் வண்டியை மொத்தமாகப் பிரித்தோம். குழாயை அறுத்தபோது துரு மணலாகக் கொட்டியது. முன்பக்கச் சட்டம் முழுவதையும் புதுக் குழாயில் செய்தோம். இந்தத் தடவை எதன் மேலும் பட்டி வைக்கவில்லை. வெல்டிங் வெளியே தெரியும்படி விட்டோம். மேகலாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. தாஸ் செய்தபோது எடுத்தாள்.

அம்மாவும் மகளும் ஒரு காலையில் வந்தார்கள். நான் நாலு சக்கரத்துக்கும் கீழே எடை பார்க்கும் மிஷின்களை வைத்திருந்தேன். இடமும் வலமும் ஒத்துப்போவதைக் காட்டினேன். "மிஷின் பொய் சொல்லாதும்மா, பாருங்க" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்குப் பழமும்தான் பொய் சொல்லல. நீதான சொன்ன?"

பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து அவரே வைத்தார். மேகலா ஏறி உட்கார்ந்தாள். வண்டியை நகர்த்துவதற்கு முன் என் பக்கம் திரும்பினாள்.

"சார், செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க."

கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றேன். வெயிலில் சிமென்ட் கொதித்தது. வண்டி மெல்ல உருண்டது. பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. முன் இடது சக்கரத்தின் அடியில் இருந்த பழம் வெடித்து, சாறு என் கால் விரல்களில் தெறித்தது. அம்மா குனிந்து நாலையும் பார்த்தார். மேகலா, "ஏத்துண்ணா" என்று தாஸிடம் சொன்னாள்.

மறு வருடப் பந்தயத்தில் அவள் கடைசிக்கு முந்தி வந்தாள் என்று தாஸ் சொன்னார். வண்டியைப் பிறகு நம் பட்டறைக்குக் கொண்டுவரவில்லை. தாஸ்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாக்கம் போய்ப் பார்த்துக்கொடுக்கிறார். என்னோடு அவள் பேசுவதில்லை. ஒருமுறை அடையாறு சிக்னலில் அவள் காரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண் பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். மேகலா கைகளைக் கட்டிக்கொண்டு, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டிப் பூசைக்கு நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து, மயிலாப்பூர்க்காரர், பக்தி அதிகம் என்று உங்களுக்குள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. பக்தி இல்லை. அவள் கழற்றச் சொன்னாள். திரும்பப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை.